வேலையை விட்டு வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிறீர்களா? பிரித்தானிய அரச பென்ஷனைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி

சம்பளம் நின்றால் அடுத்த மாதமே வங்கிக் கணக்கில் தெரிந்துவிடும். பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் பங்களிப்பான நாஷனல் இன்சூரன்ஸ் நின்றது அப்படித் தெரியாது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து, பென்ஷன் எவ்வளவு என்று கடிதம் வரும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் பழைய வருடங்களைப் பெரும்பாலும் நிரப்ப முடியாது.

பிரித்தானியாவில் இருந்துகொண்டு, அம்மாவையோ மாமியையோ கணவரையோ நோயுள்ள பிள்ளையையோ பார்ப்பதற்காக வேலையை விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாமிக்குப் பக்கவாதம் வந்தபின் நானும் வேலையை விட்டேன். அப்போது உதவி கேட்டுப் போன் எடுத்த ஓர் இடத்தில், "உங்களுக்கு அலவன்ஸ் கிடைக்காது, அதனால் வேறொன்றும் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அது பிழையான தகவல். பராமரிப்பவருக்குக் காசாகக் கிடைக்கும் அலவன்ஸ் வேறு, நாஷனல் இன்சூரன்ஸ் கட்டாமலே கட்டியதாகப் பதிவில் சேர்க்கும் பென்ஷனுக்கான கிரெடிட் வேறு. கையில் ஒரு சதம் வராதவருக்கும் பென்ஷன் வருடம் சேரும். அதன் பெயர் கேரர்ஸ் கிரெடிட். கேட்டு விண்ணப்பித்தால் மட்டுமே கிடைக்கும், தானாக வராது.

எவ்வளவு காசு விஷயம் இது என்று முதலே பார்த்துவிடலாம். கீழே உள்ள தொகைகள் எல்லாம் 2025–26 வரி ஆண்டுக்கானவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும்.

முழு அரச பென்ஷன் வாரத்துக்கு 230.25 பவுண்ட். 2016 ஏப்ரலுக்குப் பிறகு நாஷனல் இன்சூரன்ஸ் கட்டத் தொடங்கியவருக்கு அது முழுதாகக் கிடைக்க 35 வருடம் வேண்டும். ஆகவே ஒரு வருடத்தின் பெறுமதி வாரத்துக்கு ஏறக்குறைய 6.58 பவுண்ட், வருடத்துக்கு 342 பவுண்ட் அளவில். இருபது வருடம் பென்ஷன் எடுப்பவருக்கு, தவறவிட்ட ஒரே ஒரு வருடம் 2025–26 கணக்கில் 6,800 பவுண்டுக்கு மேல். ஐந்து வருடம் பராமரித்தவருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. குறைந்தது 10 வருடம் இல்லாவிட்டால் புதிய அரச பென்ஷன் கிடையவே கிடையாது. நாற்பது வயதுக்கு மேல் இந்த நாட்டுக்கு வந்து, சில வருடம் வேலை செய்து, பிறகு வீட்டில் நின்றுவிட்ட எங்கள் பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். ஒன்பது வருடத்தோடு நின்றால் கையில் ஒன்றும் இல்லை.

1. முதலில் உங்கள் பதிவைப் பாருங்கள்

கவ்.யூகே என்ற அரசாங்க இணையத்தளத்தில் அரச பென்ஷன் முன்கணிப்பையும் நாஷனல் இன்சூரன்ஸ் பதிவையும் இலவசமாகப் பார்க்கலாம். வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியின் செயலியிலும் பார்க்கலாம். உள்ளே போக நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கமும், அடையாளத்தை உறுதிப்படுத்தப் பாஸ்போர்ட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ கையில் வைத்திருங்கள். இணையம் சரிவராதவர்கள் பிஆர்19 என்ற படிவத்தை நிரப்பித் தபாலில் அனுப்பிக் கேட்கலாம்.

பதிவு வருடவாரியாக ஒரு நீண்ட பட்டியலாக வரும். ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் நேரே 'முழு ஆண்டு' என்றோ 'ஆண்டு நிறையவில்லை' என்றோ எழுதியிருக்கும். வரி ஆண்டு என்றால் ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. நிறையாத வருடத்தை அழுத்தினால், அந்த வருடம் எத்தனை வாரக் கிரெடிட் ஏற்கெனவே இருக்கிறது, மிச்சத்தை நிரப்ப எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று காட்டும். அந்தத் தொகையைப் பார்த்தவுடனே கட்டிவிடாதீர்கள். கட்டுவது கடைசிப் படி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் பராமரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எந்தெந்த ஆண்டு நிறையவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே முன்கணிப்பில் வரும் தொகையையும் குறியுங்கள். 2016க்கு முன்பு வேலை செய்தவர்களுக்கு 35 என்ற எண்ணிக்கை அப்படியே பொருந்தாது. வேலையிடத்துப் பென்ஷன் காரணமாகச் சிலருக்கு அதைவிடக் கூட வருடம் தேவைப்படும். ஆகவே வருடங்களை விரல்விட்டு எண்ணாமல், முன்கணிப்புச் சொல்வதை நம்புங்கள்.

2. வேறு வழியாக ஏற்கெனவே கிரெடிட் வருகிறதா?

சிலருக்குக் கேரர்ஸ் கிரெடிட் படிவமே தேவைப்படாது. இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் கிரெடிட் தானாக வரும். இதற்கு வாரம் 35 மணி நேரம் பராமரிக்க வேண்டும். வேலை இருந்தால், வரி போன்ற கழிவுகளுக்குப் பிறகு வாரம் 196 பவுண்டுக்கு மேல் உழைக்கக் கூடாது. தொகை வாரம் 83.30 பவுண்ட். ஸ்கொட்லாந்தில் இதற்குப் பதிலாகக் கேரர் சப்போர்ட் பேமென்ட் இருக்கிறது. அதற்கும் கிரெடிட் வரும்.

குறைந்த வருமானத்துக்கான உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்களுக்கும் பென்ஷன் கிரெடிட் வாரங்கள் தானாகச் சேரும்.

பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சைல்ட் பெனிஃபிட், அதாவது பிள்ளைக்கான அரச உதவித்தொகை, எடுப்பவருக்கும் தானாக வரும். ஆனால் யாருடைய பெயரில் விண்ணப்பித்தீர்களோ அவருக்குத்தான் போகும். வேலைக்குப் போகும் கணவரின் பெயரில் எடுத்து, வீட்டில் நிற்கும் மனைவியின் பதிவு வெறுமையாகக் கிடக்கிற வீடுகள் நிறைய. சிஎஃப்411ஏ படிவத்தால் அந்தக் கிரெடிட்டை மற்றவருக்கு மாற்றலாம். கணவருடைய வருமானம் கூட என்று சைல்ட் பெனிஃபிட்டே வேண்டாம் என்று விட்டவர்களும் இருக்கிறீர்கள். அப்படி விடாதீர்கள். விண்ணப்பித்துவிட்டு, காசு வேண்டாம் என்று குறித்தால் போதும், கிரெடிட் வந்துகொண்டிருக்கும்.

அம்மம்மா, அப்பம்மாக்களுக்கு: மகள் வேலைக்குப் போக நீங்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கிறீர்கள், பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகவில்லை, உங்களுக்கு இன்னும் அரச பென்ஷன் வயது வரவில்லை என்றால், மகளுக்கு வரும் சைல்ட் பெனிஃபிட் கிரெடிட்டை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். மகளுக்கு வேலையால் அந்த வருடம் எப்படியும் நிறைந்துவிடும், அதனால் அவருக்கு நட்டம் இல்லை. படிவம் சிஏ9176. பார்த்த வரி ஆண்டு முடிந்து அந்த வருடம் ஒக்டோபர் 31 வந்தபின் அனுப்ப வேண்டும். தாத்தாவும் இதற்குத் தகுதியானவர்தான்.

பகுதிநேர வேலை செய்பவர்கள் கவனம். ஒரே வேலையில் வாரம் 125 பவுண்ட் அல்லது அதற்கு மேல் உழைத்தால், பிடித்தம் இல்லாவிட்டாலும் அந்த வாரம் பென்ஷனுக்குச் சேரும். இரண்டு கடையில் எண்பது எண்பதாக உழைத்தால் சேராது. இரண்டையும் கூட்ட மாட்டார்கள். பேஸ்லிப் இல்லாமல் கையில் வாங்கும் காசு எந்த வகையிலும் சேராது. குடும்பத்தாரின் கடையில் சம்பளம் இல்லாமல் நிற்பதும் அப்படித்தான்.

மேலே சொன்ன எதுவும் இல்லையா? அப்போது அடுத்த படி உங்களுக்கானது.

3. கேரர்ஸ் கிரெடிட்: யாருக்கு?

நிபந்தனைகள் சில மட்டுமே. வயது 16க்கு மேல், அரச பென்ஷன் வயதுக்குக் கீழே. (பென்ஷன் வயது 66. 2026 ஏப்ரல் தொடங்கிப் படிப்படியாக 67 ஆகிறது. 1961 மார்ச் 6க்கும் 1977 ஏப்ரல் 5க்கும் இடையில் பிறந்தவர்களுக்கு 67.) ஒருவரையோ பலரையோ சேர்த்து வாரம் 20 மணி நேரமாவது பராமரிக்க வேண்டும். பார்க்கப்படுபவருக்கு உரிய பெனிஃபிட் ஒன்று கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சேமிப்பு, வீடு, கணவரின் சம்பளம் எதையும் பார்க்க மாட்டார்கள். சொந்த வருமானத்துக்கும் எல்லை இல்லை.

இருபது மணி நேரம் என்றதும் பலர், "நான் அவ்வளவு செய்வதில்லையே" என்கிறார்கள். எங்கள் ஆட்கள் குளிப்பாட்டுவதையும் உடுப்பு மாற்றுவதையும் மட்டுமே பராமரிப்பு என்று எண்ணுகிறார்கள். சமைத்துக் கொடுப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது, வைத்தியரிடம் கூட்டிப் போவது, கடைக்குப் போவது, அவருடைய பில்களையும் கடிதங்களையும் பார்ப்பது எல்லாம் சேரும். இரவு எழும்பிக் கழிவறைக்குக் கூட்டிப் போவதையும் எழுதுங்கள். மாமியின் ஒரு நாளை நான் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். காலையில் கட்டிலில் இருந்து எழுப்பிக் கதிரையில் இருத்துவது, பல் விளக்குவது, குளிசையைப் பாலில் கரைத்துக் கொடுப்பது, உடற்பயிற்சி, மதியம் சோற்றைக் குழைத்து ஊட்டுவது என்று எழுத எழுத, பொழுது சாயும் முன்பே ஆறு மணி நேரம் தாண்டிவிட்டது. நீங்களும் ஒரு வாரத்துக்கு அப்படி எழுதிவையுங்கள். படிவம் நிரப்பும்போதும், யாராவது கேள்வி கேட்டாலும் உதவும்.

உரிய பெனிஃபிட் எவை என்றால்: பென்ஷன் வயது வந்தவர்களுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், வேலை வயதில் உள்ளவர்களுக்கு ஊனம் அல்லது நீண்டகால நோய்க்கான பிப், அதில் அன்றாட வாழ்வுக்கான பகுதி, பிள்ளைகளுக்கு அதேபோன்ற டிஎல்ஏ, அதில் பராமரிப்புப் பகுதி நடுத்தர அல்லது உயர் விகிதத்தில். பிப்பில் நடமாட்டத்துக்கான பகுதி மட்டும் கிடைத்தால் இதற்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஸ்கொட்லாந்தில் இவற்றுக்கு வேறு பெயர்கள், ஆனால் அவையும் செல்லும்.

4. அவருக்கு அந்தப் பெனிஃபிட் இல்லையென்றால்

இந்த இடத்தில்தான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். திரும்ப வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம்.

முதல் வழி, அவருக்கு அந்தப் பெனிஃபிட்டை எடுத்துக் கொடுப்பது. அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை. வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்ட். வீடு சொந்தம், பிள்ளைகள் நல்லாக உழைக்கிறார்கள் என்ற காரணத்துக்காக எங்கள் முதியவர்கள் இதைக் கேட்பதே இல்லை. படிவத்தைப் போனில் கேட்டு எடுங்கள். நீங்கள் போன் எடுத்த தேதியைப் படிவத்திலேயே குறித்து அனுப்புவார்கள். ஆறு வாரத்துக்குள் நிரப்பித் திருப்பினால் அந்தத் தேதியிலிருந்தே காசு கணக்கிடப்படும். பொதுவாக, உதவி தேவைப்பட்டு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று வருடத்தில் இரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்றும் விதி உண்டு.

விசாவில் அரச நிதி உதவி கிடையாது என்ற நிபந்தனை இருந்தால், அவருடைய பெயரில் எந்தப் பெனிஃபிட்டும் கேட்பதற்கு முன் குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் கதையுங்கள். பிழையாக விண்ணப்பித்தால் விசாவுக்கே பாதகம்.

இரண்டாவது வழி, பராமரிப்புச் சான்றிதழ். கேரர்ஸ் கிரெடிட் படிவத்தோடு சேர்ந்தே வரும். இவருக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரப் பராமரிப்புத் தேவை என்று சுகாதார அல்லது சமூகப் பராமரிப்புத் துறையில் உள்ள ஒருவர் ஒப்பமிட வேண்டும். ஜீபி, அதாவது குடும்ப வைத்தியர்தான் ஒப்பமிட வேண்டும் என்று இல்லை. வீட்டுக்கு வரும் தாதி, சோஷியல் வேர்க்கர் போன்றவர்களும் போடலாம். ஜீபி நிலையங்களில் சில இடங்களில் இப்படியான கடிதங்களுக்குக் கட்டணம் கேட்பார்கள், வாரக்கணக்கில் தாமதமும் ஆகும். முதலே கேட்டு வையுங்கள். என் அனுபவத்தில், வீட்டுக்கு வந்து நிலைமையை நேரில் பார்த்தவர்தான் தயங்காமல் ஒப்பமிடுவார்.

அப்படி யாரும் வருவதில்லை என்றால், கவுன்சிலுக்குப் போன் எடுத்து, பராமரிப்பவருக்கான மதிப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். இலவசம். இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் கேர் சட்டப்படி அது உங்கள் உரிமை. கூடவே ஜீபி நிலையத்தில் உங்களைப் பராமரிப்பவர் என்று பதியச் சொல்லுங்கள்.

5. படிவமும் கெடுவும்

படிவத்தின் பெயர் சிசி1. கவ்.யூகே தளத்திலிருந்து இறக்கி அச்சிடலாம், அல்லது கேரர்ஸ் அலவன்ஸ் பிரிவுக்குப் போன் எடுத்து அனுப்பச் சொல்லலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. உங்களுக்காக விண்ணப்பித்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர்களை விட்டு விலகுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால், பெனிஃபிட்களைக் கவனிக்கும் திணைக்களமான டிடபிள்யூபியிடம் போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்களுடைய நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், பார்க்கப்படுபவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, அவருடைய நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், அவருக்குப் பெனிஃபிட் தொடங்கிய தேதி போட்ட கடிதம், நீங்கள் பராமரிக்கத் தொடங்கிய தேதி. பெயர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறி, ஒரு கடிதத்தில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் இன்னொரு விதமாகவும் கிடக்கும். பெனிஃபிட் கடிதத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் படிவத்தில் எழுதுங்கள்.

கெடுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான விஷயம். ஒரு வரி ஆண்டுக்கான கிரெடிட்டை, அதற்கு அடுத்த வரி ஆண்டு முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். 2024 ஏப்ரல் 6 முதல் 2025 ஏப்ரல் 5 வரை பராமரித்ததற்கு 2026 ஏப்ரல் 5 கடைசி நாள். 2025–26க்கு 2027 ஏப்ரல் 5. அந்த நாள் தாண்டினால் அந்த வருடத்துக்கு இந்தக் கிரெடிட் பொதுவாகக் கிடைக்காது. மூன்று வருடம், நான்கு வருடம் பராமரித்த பிறகு கேள்விப்பட்டு வருபவர்கள், முன்னைய வருடங்களை இழந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சான்றிதழ் ஒப்பத்துக்காகக் காத்திருந்து மார்ச் மாதக் கடைசிக்கு வந்துவிடாதீர்கள். படிவத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தபால் நிலையத்தில் ரசீது வாங்கி அனுப்புங்கள்.

6. அலவன்ஸா, கிரெடிட்டா: அவசரப்படாதீர்கள்

பார்க்கப்படுபவர் தனியாக வாழ்ந்து, வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் காசாகக் கிடைக்கும் பென்ஷன் கிரெடிட் என்ற உதவித்தொகை எடுத்து, அதில் கடும் ஊனத்துக்கான மேலதிகத் தொகையும் வாங்குபவராக இருந்தால், நீங்கள் கேரர்ஸ் அலவன்ஸ் எடுக்கத் தொடங்கியதும் அவருடைய மேலதிகத் தொகை நிற்கக்கூடும். உங்களுக்கு வாரம் 83 பவுண்ட் வர, அம்மாவுக்கு அதே அளவு காசு போய்விடும். கேரர்ஸ் கிரெடிட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அது காசாக வருவதில்லை. எது இலாபம் என்று கேரர்ஸ் யூகே, ஏஜ் யூகே, சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய ஒன்றில் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் இலவசம்.

7. முடிவு வந்த பிறகு

தீர்மானத்தைக் கடிதத்தில் அறிவிப்பார்கள். அந்தக் கடிதத்தை எறியாமல் கோப்பில் வையுங்கள். கிரெடிட் பதிவில் உடனே தெரியாது. வரி ஆண்டு முடிந்து சில மாதம் கழித்து இணையத்தில் போய்ப் பாருங்கள். வராவிட்டால் அந்தக் கடிதம்தான் உங்களுக்குச் சாட்சி.

மறுத்தால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு.

8. ஊருக்குப் போனால், வைத்தியசாலையில் சேர்த்தால்

பராமரிப்பில் தொடர்ந்து 12 வாரம் வரை இடைவெளி வந்தாலும் கேரர்ஸ் கிரெடிட் போகாது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஆறு வாரம் யாழ்ப்பாணம் போய் வரலாம். பார்க்கப்படுபவர் ஒரு மாதம் வைத்தியசாலையில் இருக்கலாம். 12 வாரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் அறிவிக்க வேண்டும். கேரர்ஸ் அலவன்ஸுக்கு விதி இதைவிடக் கடுமையானது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேரர்ஸ் அலவன்ஸ் தொடங்குவதற்கு முன்னைய 12 வாரத்துக்கும், அது நின்றபின் 12 வாரத்துக்கும் இந்தக் கிரெடிட் உண்டு. பார்க்கப்பட்டவர் இறந்துபோனாலும் பின்வரும் 12 வாரம் உங்களுக்குச் சேரும். அந்தத் துக்கத்தில் படிவங்களைப் பற்றி யாருக்கும் நினைவு வராது. ஆகவே வீட்டில் இன்னொருவருக்கும் இந்த விவரத்தைச் சொல்லி வையுங்கள்.

9. காசு கட்டி நிரப்புவது

இலவச வழிகள் எல்லாம் பார்த்தபிறகும் ஓட்டை இருந்தால், விரும்பிக் கட்டும் மூன்றாம் வகுப்புப் பங்களிப்பு இருக்கிறது. 2025–26க்கு வாரம் 17.75 பவுண்ட், முழு வருடத்துக்கு 923 பவுண்ட். இலவசமாகக் கிடைத்திருக்கும் வருடத்துக்கு இந்தக் காசைக் கட்டுவது வீண். கிரெடிட் கிடைக்காத வருடத்துக்கோ இது நல்ல பேரம்: பென்ஷன் எடுக்கத் தொடங்கி மூன்று வருடத்துக்குள் போட்டது திரும்பிவிடும். வழமையாகக் கடந்த ஆறு வரி ஆண்டுகளுக்கு மட்டுமே கட்டலாம். பாதி நிறைந்த வருடங்களில் தொகை குறைவாக இருக்கும். இருநூறு பவுண்டில் ஒரு வருடம் நிறையலாம். அவற்றை முதலில் பாருங்கள்.

ஆனால் எல்லா வருடமும் பென்ஷனைக் கூட்டாது. கட்டுவதற்கு முன் அரசின் ஃபியூச்சர் பென்ஷன் சென்டருக்குப் போன் எடுத்து, "இந்த வருடத்தை நிரப்பினால் என் பென்ஷன் எவ்வளவு கூடும்?" என்று கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

10. 2010க்கு முன்பு பிள்ளை வளர்த்தவர்கள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்து பிள்ளைகளை வளர்த்த அம்மாக்களுக்கு இது தனியாக. 1978 முதல் 2010 வரை சைல்ட் பெனிஃபிட் எடுத்த வருடங்களுக்குப் பென்ஷன் பதிவில் பாதுகாப்பு உண்டு. ஆனால் 2000 மே மாதத்துக்கு முன் விண்ணப்பித்தபோது நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் கொடுக்காதவர்களின் பதிவில் அது ஏறாமல் விடுபட்டிருக்கலாம். இதற்குக் கெடு இல்லை, ஏற்கெனவே பென்ஷன் எடுப்பவரும் கேட்கலாம். படிவம் சிஎஃப்411. அம்மாவின் பதிவைத் திறந்து, பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த வருடங்கள் நிறைந்திருக்கின்றனவா என்று அவரோடு இருந்து பார்த்துக் கொடுங்கள்.